பத்தில் ஏழு பேர் சரி, எந்தப் பத்துப் பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் சேலம் பதிப்பின் முதல் பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு மசாலா கம்பெனி விளம்பரம் வந்தது. தமிழகத்தில் பத்தில் ஏழு இல்லத்தரசிகள் விரும்புவது எங்கள் மிளகாய்த்தூளைத்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு கீழே போனால் மூலையில், எறும்பு வரிசை மாதிரி, இங்கிலீஷில் ஒரு வரி. என் மகள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்துச் சொன்னாள். பாக்கெட் மசாலா வாங்குகிறவர்களிடம் மட்டும் எடுத்த கணக்காம், அதுவும் சில நகரங்களில் மட்டுமாம், எத்தனை பேர் என்று எங்கேயும் இல்லை. இரண்டு நாள் கழித்து அதே சேதி உங்கள் வணிகப் பக்கத்தில், இந்தத் தடவை நட்சத்திரம்கூட இல்லாமல், ‘ஆய்வில் தகவல்’ என்று செய்தியாகவே வந்துவிட்டது. விளம்பரத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் அம்மாப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனியின் தூள் என் கடையிலும் இருக்கிறது, நன்றாகவே போகிறது, சரக்கு மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கணக்குதான் உறுத்துகிறது.

‘பாக்கெட் வாங்குகிறவர்களிடம் மட்டும்’ என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனியில் வெயில் ஏறினதும் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் போய் மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கி வந்து, மொட்டை மாடியில் நன்றாகக் காயவிட்டு, விரலி மஞ்சள், சீரகம், மிளகு என்று அவரவர் வீட்டுப் பக்குவத்துக்குச் சேர்த்து, மில்லில் கொடுத்து வருஷத்துக்கும் அரைத்து வைத்துக்கொள்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே போய் என்ன பிராண்டு என்று கேட்டால் ‘நாங்களே அரைச்சு வெச்சிருக்கோம்ங்க’ என்பார்கள். கணக்கெடுக்கிறவர் கையில் இருக்கும் படிவத்தில் அதற்கு ‘மற்றவை’ என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. கணக்குப் போடும்போது அந்தக் கட்டத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மீதிப் பேரை நூறு சதவீதம் ஆக்கிவிடுகிறார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். அறுபது வீட்டில் மில்லில் அரைத்த தூள், நாற்பது வீட்டில் பாக்கெட். அந்த நாற்பதில் 28 வீடு ஒரு கம்பெனி பேரைச் சொன்னால் 70 சதவீதம் ஆகிவிட்டது, பத்தில் ஏழு. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உண்மையில் நூற்றுக்கு 28 வீடுதான், முதல் இடம் மில்லுக்கு. மில்காரர் என்ன, முதல் பக்கத்தில் விளம்பரமா கொடுக்கப் போகிறார்?

மிளகாய்த்தூள் மட்டும் இல்லை. ஏற்காட்டுக் கொட்டை வாங்கி, கடையில் எதிரிலேயே அரைக்கச் சொல்லி, சிக்கரி இவ்வளவு போதும் என்று கையைக் காட்டுகிற காபிக் குடும்பங்கள், செக்கில் ஆட்டின எண்ணெயைத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் இந்த ‘மற்றவை’யில்தான் கரைந்து போகிறார்கள். ஜவ்வரிசி கதை இன்னும் வேடிக்கை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, 1981-லிருந்து சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் இங்கே இருக்கிறது, ஆனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு மேல் ஜவ்வரிசியில் ஒரு பிராண்டு பேர் சொல்லத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் மூட்டையிலிருந்து அள்ளித்தான் நிறுத்துப் போடுகிறோம். மகாராஷ்டிரத்தில் விரதத்துக்குக் கிச்சடி செய்கிறவர்களைக் கேட்டால் பாக்கெட் பேரைச் சொல்வார்களாக இருக்கும். விளைகிற ஊரில் கணக்கெடுத்தால் பிராண்டு பூஜ்ஜியம்!

இந்தக் கணக்கெடுப்பு நடக்கிற விதத்தைக் கடை வாசலிலேயே பார்க்கிறவன் நான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முதுகில் பை, வெயிலில் கறுத்த முகத்தோடு ஒரு பெண் வருவார். ‘அண்ணா, வர்றவங்ககிட்ட ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுக்கட்டுமா?’ ‘கேட்டுக்க கண்ணு, வழியை மட்டும் மறைக்காம நின்னுக்கோ.’ இரண்டு கேள்வி அரை மணி நேரம் ஓடும். முதலில், ‘ஷாம்புன்னு சொன்னதும் உங்க ஞாபகத்துக்கு வர்ற பேரு எதுங்க்கா?’ இந்தக் கேள்விக்கு எதையும் காட்டக் கூடாது, ஒரு பேரையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, தானாக வாயில் வருவதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அது முடிந்த பிறகுதான் பட்டியலைக் காட்டி இதில் எதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். தானாக முதலில் வந்த பேருக்குத்தான் கம்பெனிக்காரர்களிடம் மவுசு அதிகம். முறை என்னவோ சரியான முறைதான். ஆனால் பதில் சொல்கிற அம்மா நிற்கிற இடத்தைப் பாருங்கள். தலைக்கு மேலே சரம் சரமாக ஷாம்பு தொங்குகிறது. ஒரு நிமிஷம் யோசித்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்னால் தொங்குவதைப் படித்துச் சொல்கிறார். அது ஏன் முன்னால் தொங்குகிறது? பன்னிரண்டு சரம் எடுத்தால் ஒரு சரம் இனாம் என்று அந்த மாதம் சேல்ஸ்மேன் ஸ்கீம் கொடுத்தார், நான் முன் ஆணியில் மாட்டினேன், அவ்வளவுதான். மறுநாள் ஸ்கீம் வேறு கம்பெனிக்கு மாறினால் ஆணியும் மாறும். சேலத்து மக்கள் நினைவில் முதலிடம் என்று எங்கேயோ ஏசி அறையில் படம் வரைந்து காட்டப்போவது என் கடை ஆணியைத்தான்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி, இத்தனை வயதுக்குள் இத்தனை பெண்கள், இந்த வசதிக்காரர் இத்தனை, அந்த வசதிக்காரர் இத்தனை என்று பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள், சாயங்காலம் ஆகிவிட்டால் இன்னும் இரண்டு ஆள் கிடைக்க வேண்டுமே என்று பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் பொய்யாக நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகப் பேச்சைப் பதிவு செய்கிறார்கள், எந்த இடத்தில் நின்றோம் என்பதும் டேப்லெட்டிலேயே ஏறிவிடும், அப்புறம் ஆபீசிலிருந்து போன் போட்டுச் சரிபார்ப்பார்கள். இவ்வளவு காவலும் இருக்கிறது. கேட்ட ஆள் உண்மையான ஆள்தானா என்பதற்கு இந்தக் காவல் போதும், அவர் சொன்ன பதில் உண்மையா என்பதற்கு எந்தக் காவலும் இல்லை.

வசதி பார்க்கிற கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவர் என்ன படித்திருக்கிறார், வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று இரண்டையும் வைத்துத்தான் வீட்டைத் தரம் பிரிப்பார்கள். 2011-ல் வந்த முறையில் கரண்டு, ஃபேன், கேஸ் அடுப்பு, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், ஏசி, விவசாய நிலம் என்று மொத்தம் 11 பொருள். எங்கள் தெருவில் இதைக் கேட்டால் என்ன நடக்கும்? உரிமைத் தொகையை நிறுத்திவிடுவார்களோ, ரேஷன் கார்டை மாற்றிவிடுவார்களோ என்று பயந்து ஃப்ரிட்ஜே இல்லை என்று சொன்ன அம்மாவை எனக்குத் தெரியும், அவர் வீட்டு மாவுப் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அதே அம்மா டீத்தூள் என்று வந்ததும் டிவியில் நடிகை குடிக்கிற உசத்தித் தூளைச் சொல்கிறார். வாங்குவது என்னவோ பத்து ரூபாய்ப் பொட்டலம். சாமானைக் குறைத்தும் டீத்தூளை ஏற்றியும் சொன்ன பதிலை வைத்து, வசதி குறைந்த வீடுகளில்கூட உசத்தித் தூளுக்கு ஆசை வந்துவிட்டது என்று ஒருவர் அறிக்கை எழுதுவார்.

அடுத்து, ‘இதை வாங்குவீர்களா?’ என்று கேட்டு ஐந்து படி வைத்துப் பதில் வாங்குவது. கண்டிப்பாக வாங்குவேன், வாங்கலாம், சொல்ல முடியாது, வாங்க மாட்டேன், கண்டிப்பாக வாங்க மாட்டேன். மனிதர் மனதை இப்படிப் படி கட்டி அளக்கலாம் என்று ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் எழுதினார், இன்று வரை ஓடுகிறது. ஆனால் வெயிலில் நிற்கிற பிள்ளை முகத்தைப் பார்த்து ‘கண்டிப்பா வாங்க மாட்டேன்’ என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருமா? ‘வாங்குவோம் கண்ணு, வாங்காம என்ன’ என்று சொல்லிவிட்டு எப்போதும் வாங்குவதையே வாங்கிக்கொண்டு போவார்கள். அனுபவப்பட்ட ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது தெரியும், அதனால் அந்தச் சதவீதத்தைப் பாதியாகவோ முக்காலாகவோ வெட்டித்தான் பார்ப்பார்கள். விளம்பரம் எழுதுகிறவர் வெட்டுவதில்லை.

பிடித்தது என்பது மனதில் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை, கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கணும். எங்கள் பக்கம் தறிக்காரர்களும் கொலுசுப் பட்டறைக்காரர்களும் அதிகம். சனிக்கிழமை கூலி வாங்கின கையோடு வருகிறவர் பெரிய சோப்பாகக் கேட்பார், அதே ஆள் புதன்கிழமை பத்து ரூபாய் சோப்பு கேட்பார், அதுவும் வேறு கம்பெனி. இவருடைய விருப்பம் எது? சனிக்கிழமையா, புதன்கிழமையா? என்றைக்குக் கேட்டார்கள் என்பது எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

இன்னொன்று, ஒரு வீட்டுக்கு ஒரு சோப்பு என்பதே தப்புக் கணக்கு. என் பற்று நோட்டைப் புரட்டினால் ஒரே வீட்டுக்குப் பெரியவருக்கு ஹமாம், காலேஜ் போகிற பிள்ளைக்கு வாசனை சோப்பு, பட்டறையிலிருந்து வருகிறவர் கை கழுவ லைஃப்பாய், விருந்தாளி வந்தால் மைசூர் சாண்டல் என்று மாதத்தில் நாலும் போயிருக்கும். படிவம் ஒரே ஒரு பேரைக் கேட்கிறது, அந்தம்மாவும் தனக்குப் பழகினதைச் சொல்லிவிடுகிறார். லண்டனில் ஆண்ட்ரூ எரன்பெர்க் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், வாங்கின கணக்கையே வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர். பெரும்பாலான வீடுகள் ஒரே பிராண்டைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை, மூன்று நாலை மாற்றி மாற்றித்தான் வாங்குகின்றன என்று காட்டினவர். பெரிய பிராண்டுக்கு வாங்குகிற ஆளும் அதிகம், அந்த ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்குவதும் கொஞ்சம் அதிகம், சின்ன பிராண்டுக்கு இரண்டிலும் அடி. பயன்படுத்துகிறவர்தான் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார். ஆகவே ‘அதிகம் பேர் விரும்புவது’ என்று வருகிற பட்டியலில் பாதி, ‘அதிகம் விற்பது’ என்ற பழைய சேதிதான்.

என் மச்சினன் ஏற்காட்டு மலையில் நாகலூரில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். 20 கொண்டை ஊசி ஏறி டீலர் வேன் எந்தச் சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறதோ அதுதான் அவன் கடையில் இருக்கும். மழையில் மலைப்பாதை மூடி, குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தால் சில கம்பெனி வேன்கள் அந்த வாரமே எட்டிப் பார்க்காது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர் ‘அதைத்தான் கேட்டேன், இல்லைன்னா இருக்கிறதைக் குடுங்க’ என்று வாங்கிப் போவார், அது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து அவரைக் கேட்டால் இருந்ததைத்தான் பிடிக்கும் என்று சொல்வார். அங்கே பிராண்டைத் தேர்ந்தெடுத்தது வேன் டிரைவர்.

ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்வதிலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் கோக் கம்பெனி ஒரு புது ருசியைத் தயாரித்து, பெயர் தெரியாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி கேட்டது. புதுசுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பான்மை சொன்னதை நம்பி 1985 ஏப்ரலில் பழசை நிறுத்தினார்கள். ஜனங்கள் கொதித்துப் போய், ஜூலையிலேயே பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கேட்ட ஆட்களின் எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஒரு வாய்க்கு இனிப்பாக இருப்பது வேறு, வீட்டில் பாட்டில் பாட்டிலாக மாதக்கணக்கில் குடிப்பது வேறு, இத்தனை நாள் பழகினதைக் கண்ணிலேயே காட்ட மாட்டோம் என்றால் வருகிற கோபம் வேறு.

எண்ணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயிரம் பேரை மட்டும் கேட்டு எப்படி ஏழு கோடிப் பேரைச் சொல்லலாம் என்று டீக்கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். சொல்லலாம். பாரபட்சம் இல்லாமல் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தால் ஆயிரம் பேர் போதும், கூடக் குறைய 3 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 400 பேர் என்றால் 5 சதவீதம். ஊர் பெரிசா சின்னதா என்பது இதில் அவ்வளவாக ஒரு பொருட்டே இல்லை. வம்பு எங்கே வருகிறது என்றால், அந்த ஆயிரத்தைப் பிய்த்துச் ‘சேலத்தில் முதலிடம்’ என்று போடும்போது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம். விகிதப்படி பிரித்தால் ஆயிரத்தில் நம் பங்கு 48 பேர். 48 பேர் பதிலை வைத்துச் சொன்னால் 14 சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஒரு பிராண்டு 40, இன்னொன்று 34 என்று வந்தால் யார் முதல் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ஓமலூரும் ஆத்தூரும் மேட்டூரும் ஏற்காடும் அந்த 48-க்குள்தான் அடங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவை வந்தவர்கள் விருப்பத்தையே கேட்கவில்லை. ‘கடைசியா வாங்கின பாக்கெட்டைக் காட்டுங்கக்கா’ என்று கேட்டு, கடையை விட்டு வீட்டுக்கே போய் சமையல்கட்டு அலமாரியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அங்கே என் ஆணிக்கு வேலை இல்லை. சில இடங்களில் காலிக் கவர்களை ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லி, மாதக் கடைசியில் வந்து எண்ணுவார்கள். ஒரு காலத்தில் சிக் ஷாம்புக்காரர்கள் எந்தக் கம்பெனி காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தாலும் சிக் ஒன்று இனாம் என்று கொடுத்தார்களே, எந்த ஊரில் யார் ஷாம்பு ஓடுகிறது என்று அந்தக் காலி பாக்கெட் குவியலைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஒரே பேரைச் சொல்லச் சொல்லாமல், பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து எதற்கு எத்தனை வைப்பீர்கள் என்று கேட்டாலும் நான் சொன்ன அந்த வீட்டு நாலு சோப்புக்கும் நியாயம் கிடைக்கும். இதெல்லாம் செலவு பிடித்த வேலை, பதிலும் பளிச்சென்று பத்தில் ஏழு என்று வராது, அதனால் முதல் பக்கத்துக்கு உதவாது.

இப்போது உங்களிடம் வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகளில், அடிக்குறிப்பு போட்டால் அது விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்து வடிவமும் அதேபோல இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழில் கொட்டை எழுத்து, இங்கிலீஷில் எறும்பு எழுத்து என்பது அந்த நெறிக்குள் வருமா? உங்கள் விளம்பரப் பிரிவில் வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

செய்தியாகப் போடுவதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஆய்வு என்று ஒன்றைப் பிரசுரித்தால், காசு கொடுத்தது யார், எத்தனை பேரை எந்தெந்த ஊரில் எந்த மாதம் கேட்டார்கள், கேட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை என்ன, ‘மற்றவை’ என்று எத்தனை பேரை ஒதுக்கினார்கள், இவ்வளவையும் செய்திக்குக் கீழே நாலு வரியில் தமிழில் போடுங்கள். கம்பெனி கொடுக்க மறுத்தால் அதையும் ஒரு வரியில் போடுங்கள், இல்லையென்றால் செய்தியையே போடாதீர்கள். தேர்தல் கருத்துக்கணிப்பு போடும்போது எத்தனை பேரிடம் எடுத்தது என்று போடுகிறீர்கள்தானே. வீட்டில் அடுப்பு எரிகிற விஷயத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

உங்கள் நிருபர் யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும். பற்று நோட்டில் பேர்களை மறைத்துவிட்டுக் காட்டுகிறேன், மாவு மில்லும் நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது, அவரையும் கேட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் என்னால் பேச முடியாது. மற்ற நாளில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை சும்மாதான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.